இல்லைன்னு எழுதிக் குடுங்க

அந்த அம்மா முதல் தடவை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது நான் வேலையில் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ். மனுக்களை வாங்கி எண் போட்டு உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பதில் முடிவானால் அதை டைப் செய்து தாசில்தார் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். அதுதான் என் வேலை.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. பருத்தி எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஜவுளிக்கடைப் பை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அதிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். நான் படித்து முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் இருந்த துணை தாசில்தார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் ஆகாதும்மா, போய்ட்டு வா என்றார். அவருக்கு அந்த மனு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"சரிங்க சார். ஆவாதுன்னு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார். ஆகாத ஒன்றை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டார்.

"ஆவும்னா நீங்களே செஞ்சுருவீங்க, எழுத வேணாம். ஆவாதுன்னாதான் எனக்குக் காயிதம் வேணும்."

குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார். துணை தாசில்தார் கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த அம்மா வராந்தாத் தூணருகே போய் நின்றார். சாயங்காலம் நாங்கள் ஆபீசைப் பூட்டுகிறவரைக்கும் நின்றார். அடுத்த திங்கட்கிழமை மனு நாளில் திரும்ப வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார்.

எனக்கு முதலில் அவர்மேல் எரிச்சல்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. மற்றவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், அப்புறம் போய்விடுவார்கள். இவர் அழவும் மாட்டார், திட்டவும் மாட்டார், போகவும் மாட்டார். இல்லை என்று வாயால் சொல்வது எவ்வளவு சுலபம், அதையே பேனாவால் எழுத எத்தனை பேர் பயப்படுகிறார்கள் என்பது அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலர் முடியாது என்பார். எழுதச் சொன்னால், தாசில்தாரைப் போய்ப் பாருங்க என்பார். தாசில்தார் முடியாது என்பார். எழுதச் சொன்னால், அடுத்த வாரம் வாங்க என்பார். எழுதி வாங்கிய சில 'இல்லை'கள் அவருடைய பையில் இருந்தன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, 'கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை' என்று ஒரு பதில் வந்திருந்தது. அதைப் பத்திரமாகப் பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். எழுத்துக் கூட்டி, உதடு அசைய அசைய, எல்லாவற்றையும் அவரே படிப்பார்.

ஒருநாள் திருமழபாடி போகிற டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். பஸ் அவர்கள் ஊருக்குள் நுழைந்து மேலத்தெரு நிறுத்தத்தில் நின்றது. அதற்கப்புறம் அரைக் கிலோமீட்டர் தள்ளிக் காலனி நிறுத்தம். அங்கே நிழற்குடையெல்லாம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் பஸ் நிற்காது. எல்லாரையும் இங்கேயே இறங்கச் சொன்னார் கண்டக்டர். நாலைந்து பெண்கள் கூடையோடும் கைப்பிள்ளையோடும் எழுந்தார்கள். அந்த அம்மா மட்டும் எழவில்லை. காலனியில் நிற்காதா என்று கேட்டார். நிற்காது என்றார் கண்டக்டர். அப்படியானால் நிற்காது என்று இந்த டிக்கெட்டின் பின்னால் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று டிக்கெட்டை நீட்டினார். கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் கண்டக்டர் காதில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார்கள்.

"உக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

பஸ் காலனியில் நின்றது. அந்த அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளும் அந்த பஸ் அங்கே நின்றதா என்று நான் விசாரிக்கவில்லை. நின்றிருக்காது. அவர் மறுநாளும் டிக்கெட்டை நீட்டியிருப்பார்.

மனுவின் விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊருக்குக் கிழக்கே பதினோரு ஏக்கர் நிலம். வெள்ளைக்காரர் காலத்தில், நிலமில்லாமல் அடிமைபோல் உழைத்துக் கிடந்த ஆதி திராவிடக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்தது. பஞ்சமி நிலம் என்பார்கள். வேறு சாதிக்காரர்களுக்கு அதை விற்கக் கூடாது, விற்றாலும் செல்லாது. அதுதான் நிபந்தனை. ஆனால் காலப்போக்கில் ஊர்ப் பெரியவர்கள் கைக்கு அது போய்விட்டது. பிற்பாடு கணக்குகளைப் புதிதாக மாற்றி எழுதியபோது அந்த நிபந்தனையும் காணாமல் போனது. கம்ப்யூட்டரில் சிட்டா எடுத்தால் மேலத்தெருக்காரர்கள் இரண்டு பேருடைய பெயர்தான் வரும். அந்த இருவரும் அதை ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். தோண்டிவிட்டால் அது நிலமாக இருக்காது, குழியாகிவிடும். குழியை யாருக்கும் திருப்பித் தர முடியாது. ஆகவே தோண்டுவதற்குள் வாங்கியாக வேண்டும். ஒன்பது குடும்பங்கள் அந்த நிலத்துக்கு உரிமை கேட்டார்கள். அந்த ஒன்பது பேருக்காகவும் ஆபீசுக்கு நடந்தவர் அந்த அம்மா.

ஒரு தடவை கிராம நிர்வாக அலுவலருடன் நானும் ஆய்வுக்குப் போனேன். வெயில் காலம். வெள்ளை வெளேரென்ற மண். காலால் கிளறினால் கல்லாகிப்போன சிப்பிகள் வரும். பக்கத்திலேயே பழைய சுரங்கம் ஒன்று, பச்சைத் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மதியம் தள்ளியிருந்த வேறொரு சுரங்கத்தில் பாறைக்கு வேட்டு வைத்தார்கள். டீத் தம்ளர் லேசாக நடுங்கியது. அங்கிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அங்கேதான் அவருடைய கணவரைப் பார்த்தேன். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. நாலு ஆடுகளைப் பார்த்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அலுவலர் சங்கிலியைப் பிடித்து அளக்கப் போன நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மனைவிக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் தன் காலைத் தொட்டுக் காட்டினார்.

அவர் ஒரு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்தவர். ஒருநாள் கல் உருண்டு காலின்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் காண்ட்ராக்டர் போய்விட்டார். அந்த அம்மா கம்பெனி வாசலுக்குப் போனார். இந்தப் பேரில் இங்கே ஆளே வேலை பார்க்கவில்லை என்று வாசலில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஊரில் மற்றவர்களாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். இவர் கேட்டார்: "எங்க ஆளு இல்லைன்னு எழுதிக் குடுங்க. போயிடறேன்."

வாசலிலேயே நாலு நாள் உட்கார்ந்திருந்தார். எழுதித் தர அவர்களால் முடியவில்லை. ஏனென்றால் சுரங்கத்துக்குள் நுழைகிறவர்கள் தினமும் கையெழுத்துப் போடுகிற நோட்டில் கணவருடைய கைநாட்டு இருந்தது. அது பொய்யென்று எழுதினால் எழுதியவர் மாட்டிக்கொள்வார். ஐந்தாம் நாள் காண்ட்ராக்டரே வந்து ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார்.

"அன்னைக்குப் புடிச்சுக்கிட்டா" என்றார் கணவர். "வாயில சொல்றவன் எழுத பயப்புடுறான்னா அங்க நமக்கு என்னமோ இருக்குதுன்னு சொல்லுவா."

அவர் குரலில் பெருமையும் இருந்தது, சலிப்பும் இருந்தது. அந்தச் சலிப்புக்குக் காரணம் உண்டு. அவர்களுக்கு ஒரே மகன், ஐ.டி.ஐ. படித்தவன். அம்மா மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் சிமெண்ட் பிளாண்டில் நிரந்தர வேலை போட்டுத் தருவதாக ஒரு புரோக்கர் அவனிடம் சொல்லியிருந்தான். மகன் வந்து அம்மாவிடம் கேட்டான். மனுவை வாபஸ் வாங்கினால் வேலை தருகிறோம் என்று அந்த ஆளை எழுதித் தரச் சொல், மறுநாளே வாங்கிவிடுகிறேன் என்றார் அம்மா. எவன் அப்படி எழுதித் தருவான் என்று மகனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெற்ற பிள்ளையிடமுமா இப்படி என்று கேட்டுவிட்டு அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு மட்டும்தான் போன் செய்வான். போன் ஸ்பீக்கரில் இருக்கும். அந்த அம்மா பக்கத்தில் சோளம் உரித்துக்கொண்டே கேட்பாராம். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் வந்தது. மனுஷிக்கு இவ்வளவு இறுக்கம் ஆகுமா என்று நினைத்தேன்.

அந்த வருஷ ஆடி மாதத்தில், கம்பெனி கிரயம் எழுதப் போகிறது என்று பேச்சு வந்தது. அந்த அம்மா திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் தொடர்ந்து வந்தார். தாசில்தாருக்கே பொறுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, ஒரு பதிலை அடித்துக் கொடுத்து அனுப்பும்மா என்றார். 'மனு பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை' என்று இரண்டு வரி போதும் என்றார். வெளியே வந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். எழுதித் தரப்போகிறோம், நாளைக்கு வாங்க.

"ஏன் இல்லைங்கறதையும் எழுதிருவீங்கள்ல?"

எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது வாய்தவறி வந்ததுதான். ஆனால் காரணம் எழுத வேண்டுமென்றால் கணக்கைப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவறைக்குப் போனேன். பழைய 'அ' பதிவேடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு ஊரில் எந்த நிலம் எந்த வகை, யாருடையது என்று எல்லாம் அதில்தான் இருக்கும். மேலட்டை போய், ஓரமெல்லாம் கரையான் தின்ற ஒன்றில் அந்த ஊர் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். பதினோரு ஏக்கருக்கும் நேராகச் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ஆதி திராவிடருக்கு நிபந்தனையுடன் அளிக்கப்பட்டது.

கிடைக்கப்பெறவில்லை என்று எங்கள் ஆபீசே எழுதிக் கொடுத்த பதிவேடு அது.

நான் வீரத்தோடு ஏதோ செய்தேன் என்று சொல்ல மாட்டேன். என் மேசைக்கு முன்னால் அவர் இனிமேல் வந்து நிற்கக் கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி டைப் செய்தேன். 'மனுவில் கண்ட நிலங்கள் பழைய அ பதிவேட்டில் ஆதி திராவிடர் நிபந்தனை நிலம் எனப் பதிவாகியுள்ளன. எனினும் தற்போதைய சிட்டாவில் வேறு நபர்கள் பெயரில் பட்டா உள்ளதால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.' முதல் வரியை அடித்து முடித்ததும் கை நின்றது. அதை எடுத்துவிட்டு இரண்டாவது வரியை மட்டும் வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. மற்ற கோப்புகளோடு சேர்த்து மேலே வைத்தேன். தாசில்தார் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அந்த அம்மா தூணருகே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, முதல் வரிக்குத் திரும்பப் போய், அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். அப்புறம் என்னிடம் வந்து, சீல் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை போட்டுக் கொடுங்கள் என்றார். போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான். அதைப் பாலிதீன் உறைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த இரண்டு வரியை வைத்து அரியலூரில் ஒரு வக்கீலம்மா ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது, பிறகு எப்படி இல்லை என்கிறது என்று கோர்ட் கேட்டது. கிரயத்துக்குத் தடை விழுந்தது. கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது. உத்தரவு வந்த அன்று தாசில்தார் என்னைக் கூப்பிட்டு என்ன பேசினார் என்பதை இங்கே எழுத வேண்டாம். பத்து நாளில் எனக்கு மாறுதல் வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காட்டுக்கு அப்பால் ஒரு வருவாய் ஆய்வாளர் ஆபீஸ். நான் குடியிருந்த வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

அங்கே போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் வாசலில் அந்த அம்மா. அரியலூரிலிருந்து விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். என் மாறுதல் உத்தரவைப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கென்று கேட்காமல் எடுத்துக் காட்டினேன். 'நிர்வாக நலன் கருதி' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது காரணம் இல்லீங்களே" என்றார். "என்னத்துக்கு மாத்துறோம்னு எழுதிக் கேளுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விடுங்கம்மா, எனக்கு இந்த இடமும் பரவாயில்லை என்றேன். அவர் விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் வந்தது அதற்காக அல்ல.

ஆர்.டி.ஓ. விசாரணை தொடங்கியிருக்கிறது. பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னால், தேடிப் பார்த்தோம், அப்படி ஒன்று ஆபீசில் இல்லை, பதிலை டைப் செய்த பெண் ஏதோ தவறாக அடித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்த ஆள் நான் ஒருத்திதான்.

"நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க."

இரண்டு நாள் டைம் கேட்டேன். சரி என்று போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே பூலாம்பாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற நடுத்தர விவசாயி. யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். வேலைக்கு ஆபத்து என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"வேலைக்குச் சொல்லலம்மா. நம்ம காலனிக் கொல்லை எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. காலனிக் கொல்லை என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லுவோம். காலனிக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். அது காலனிக்காரர்களுக்குக் கொடுத்த நிலம். ஏதோ ஒரு பஞ்சத்தில் தாத்தா கம்பு கொடுத்து வாங்கிக்கொண்டாராம். இத்தனை நாளாக மற்றவர்களுடைய நிலக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருந்த எனக்கு, எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கத் தோன்றவேயில்லை. நீ அங்கே போய்ச் சொன்னால் நாளைக்கு இங்கேயும் கேட்பார்கள் என்றார் அப்பா. அவர் சொன்னது பொய்யில்லை.

மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தார். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன். காலனிக் கொல்லை பற்றிச் சொல்லவில்லை.

"சரிங்க. அப்ப சொல்ல முடியாதுன்னு எழுதிக் குடுங்க."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. நீங்க பாத்தீங்க, சொல்ல மாட்டேங்கறீங்க. அதை எழுதிக் குடுங்க. நான் ஆர்.டி.ஓ.கிட்ட குடுத்துக்கறேன்."

மகனிடம் பேசியதும் இதே குரலில்தான் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். 'மேற்படி பதிவேட்டை நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினேன். அதற்குமேல் 'ஆனால்' என்று வர வேண்டும். அந்தச் சொல்லை எழுதிவிட்டு அதற்குப் பிறகு எதை எழுதுவது என்று யோசித்தேன். என்ன எழுதினாலும் கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பேனாவை வைத்துக்கொண்டு அது வரவில்லை. 'ஆனால்' என்பதை அடித்தேன். பதிவேடு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருந்தது, எந்தப் பக்கம், சிவப்பு மையில் என்ன எழுதியிருந்தது என்று தாள் நிறைய எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். அடித்த சொல்லைக் காட்டி, அடிச்ச எடத்துல ஒரு சின்னக் கையெழுத்துப் போடுங்க, பின்னாடி எவனாச்சும் கேப்பான் என்றார்.

ஆர்.டி.ஓ. முன்னாலும் போய் அதையே சொன்னேன். என் வாக்குமூலம் கோப்பில் ஏறிய இரண்டாம் வாரம், தொலைந்துபோன பதிவேடு ஒரு பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடைத்துவிட்டது. மேலத்தெருக்காரர்களின் பட்டா ரத்தானது. அவர்கள் மேலே போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் நிற்கவில்லை. கம்பெனி வேறு பக்கம் நிலம் தேடிப் போனது. இதற்கெல்லாம் முழுசாக மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் ஒன்பது பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒன்பது குடும்பங்களுக்கும் பட்டா கொடுத்தார்கள்.

முதல் விதைப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். மக்காச்சோளம் போட்டார்கள். திருப்பூரிலிருந்து மகன் வந்திருந்தான். வாடகை டிராக்டரை அவனே ஓட்டினான். அப்பாவிடம் பேசினான், என்னிடம் பேசினான், அம்மாவிடம் பேசவில்லை. சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். அந்த அம்மா வரப்பில் நின்று பஸ் போகிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, விடுபட்ட இடங்களில் விதை ஊன்றப் போனார்.

நானும் பின்னாலேயே போனேன். அதுவரைக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே சொன்னேன். எங்கள் வீட்டு ஒன்றரை ஏக்கர், தாத்தா, கம்பு எல்லாம். ஏன் சொன்னேன் என்று கேட்டால், பரவாயில்லை விடுங்க என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். நான் அவருக்குச் செய்ததற்கு அந்த அளவுக்காவது பாத்தியம் உண்டு என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம்.

அவர் குனிந்தபடியே விதை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சனங்களுக்குத் தெரியுமா?"

பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்றேன்.

"பெரம்பலூர்ல எறங்கி எந்த பஸ்ஸுல போவணும்?"

சொன்னேன்.

ஐப்பசி அடைமழை விட்டதும் அப்பாவிடமிருந்து போன் வந்தது. யாரோ ஒரு பொம்பளை அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்து காலனியில் உட்கார்ந்திருக்கிறாளாம். வீடு வீடாகப் போய்ப் பழைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாளாம். உனக்குத் தெரிந்தவளா என்றார். தெரியும் என்றேன். நீதான் சொன்னாயா என்றார். ஆமாம் என்றேன். அப்பா போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் எனக்குப் போன் செய்யவேயில்லை. தம்பி பேசினான், நன்றாகத் திட்டினான்.

காலனியில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. விசாரணை அன்று நான் லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். எந்தப் பக்கத்துக்காகப் போனேன் என்று என்னால் சொல்ல முடியாது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி. துணைக்கு வந்த தம்பி வக்கீலைத் தேடிப் போயிருந்தான். அப்பா வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார். நான் பக்கத்தில் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படிக்கட்டில் காலனிக்காரர்களோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எழுந்து போய், காவலாளியிடம் ஏதோ பேசி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வந்து அப்பாவுக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருங்கய்யா. கூப்புட நேரமாவும்."

அப்பா உட்கார்ந்தார். அவர் யார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மா படிக்கட்டுக்கே திரும்பிப் போய், தாள்களை வயதான ஒரு அம்மாளின் மடியில் பரப்பி, உள்ளே போனால் எதை முதலில் கொடுக்க வேண்டும், எதை இரண்டாவதாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த வயதானவர் தாள்களை மாற்றி அடுக்கினார். நிதானமாக இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தார்.

பதினோரு மணிக்கு மேல் மனுதாரர்களைக் கூப்பிட்டார்கள். படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து சேலையையும் துண்டையும் சரி செய்துகொண்டார்கள். அந்த அம்மா முதல் ஆளாக உள்ளே போனார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். அப்பா நாற்காலியில் இருந்தபடி, கதவு சாத்துகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்தப் போனுக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"இவங்க விட மாட்டாங்க" என்றார்.

காலனிக்காரர்களில் ஒருவரை அப்பா மரியாதை போட்டுப் பேசி, என் வயசுக்கு நான் கேட்டது அன்றைக்குத்தான்.